பழுதுபார்ப்பவர்களின் வரலாறு: இந்தியாவில் ஜீப்பும் பொருளாதார அரசியலும்

இந்தியாவில் ஜீப்பின் வரலாறு பெரும்பாலும் இரண்டு விதமாகவே சொல்லப்பட்டுவருகிறது. ஒன்று நிறுவனத்தின் வரலாறு: போருக்குப் பிந்தைய பம்பாயில் பாகங்களைப் பூட்டித் தொடங்கிய ஒரு தொழில் பெரும் வாகனக் குழுமமாக வளர்ந்த கதை. மற்றொன்று ஆர்வலரின் வரலாறு: ஆற்று மணலையும் மலைச் சரிவையும் வென்ற பயணங்களின் கதை. முதலாவதில் நாயகன் முதலாளி, இரண்டாவதில் ஓட்டுநர். வண்டி நடுவழியில் நின்றபோது அதை மீண்டும் ஓடவைத்தவர் இவ்விரண்டிலும் இடம்பெறுவதில்லை. அவருக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது, அதைப் பயன்படுத்தும் உரிமை அவரிடம் இருந்ததா என்ற கேள்விகளும் எழுப்பப்படுவதில்லை.

இக்கேள்விகளை மையத்தில் வைத்துப் பார்த்தால், கடந்த 75 ஆண்டுகளின் பொருளாதாரக் கொள்கைகள் வேறொரு முகத்தைக் காட்டுகின்றன. ஒவ்வொரு கொள்கையும் வாகனத்தை யார் தயாரிக்கலாம் என்று தீர்மானித்ததோடு, அதை யார் பழுதுபார்க்கலாம் என்றும் மறைமுகமாகத் தீர்மானித்தது. கரடுமுரடான பாதைக்கான வண்டி இதைக் காண்பதற்கு மிகப் பொருத்தமான சான்று. அது செல்லும் இடங்களில் நிறுவனத்தின் சேவை மையம் இருப்பதில்லை. பழுதுபார்க்கும் அறிவு வண்டியோடு சேர்ந்தே பயணம் செய்தாக வேண்டும்.

1. படைத்துறை விதைத்த அறிவு

1940ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தரைப்படை இலகுவான, நான்கு சக்கரங்களும் இயங்கும் உளவு வாகனம் ஒன்றுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. முன்மாதிரியைச் செய்துகாட்ட அளிக்கப்பட்ட அவகாசம் 49 நாட்கள். அமெரிக்கன் பான்டம் என்னும் சிறிய நிறுவனத்துக்காகக் கார்ல் புரோப்ஸ்ட் வடிவமைத்த வண்டி அந்த ஆண்டு செப்டம்பரில் சோதனைக் களத்தை அடைந்தது. ஆனால் பெருமளவு உற்பத்திக்கான ஒப்பந்தம் வில்லிஸ்-ஓவர்லேண்டுக்கும், பின்னர் ஃபோர்டுக்கும் சென்றது. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்துமுடித்தன.

‘ஜீப்’ என்ற பெயரின் தோற்றம் இன்றும் விவாதத்துக்குரியது. ஃபோர்டின் வண்டிக்கு இடப்பட்ட ‘ஜி.பி.டபிள்யூ.’ என்னும் குறியீட்டின் முதலிரு எழுத்துகளைச் சேர்த்து உச்சரித்ததால் பிறந்த பெயர் என்பது ஒரு விளக்கம். பாப்பை சித்திரத் தொடரில் 1936இல் அறிமுகமான, எங்கும் செல்லும் ஆற்றல் கொண்ட ‘யூஜீன் த ஜீப்’ என்னும் விலங்கின் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது என்பது மற்றொரு விளக்கம். குறியீட்டிலுள்ள ‘பி’ என்ற எழுத்து ‘பொதுப் பயன்பாடு’ என்பதைக் குறிக்கிறது என்ற பரவலான நம்பிக்கை மட்டும் தவறு. அது 80 அங்குலச் சக்கர இடைவெளிக்கான ஃபோர்டின் உட்குறியீடு.

பெயரைவிட முக்கியமானது, படைத்துறை விதித்த ஒரு நிபந்தனை. இரண்டு நிறுவனங்களின் வண்டிகளிலும் உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஃபோர்டு தன் பாகங்களிலும் மரையாணிகளிலும் ‘எஃப்’ என்ற எழுத்தைப் பொறித்துத் தன் அடையாளத்தைக் காத்துக்கொண்டது; அளவுகளை மாற்ற அதற்கு அனுமதி இல்லை. பராமரிப்பும் படிநிலையாகப் பிரிக்கப்பட்டது. ஓட்டுநர் அன்றாடம் செய்ய வேண்டியவை, படைப்பிரிவின் பட்டறை செய்ய வேண்டியவை, பின்தளப் பணிமனை செய்ய வேண்டியவை என்று படத்துடன் கூடிய கையேடுகள் விளக்கின. பழுதுபார்க்கும் அறிவு இங்கே வணிக இரகசியமாக இல்லை. எழுதப்பட்டு, அச்சிடப்பட்டு, பகிரப்பட்ட பொது அறிவாக இருந்தது. போர் என்னும் கொடிய சூழல் உருவாக்கிய இந்த வெளிப்படைத்தன்மைதான் பின்னர் இந்தியப் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்த மூலதனம்.

சீனா-பர்மா-இந்தியப் போர்முனை இதற்கு வழிவகுத்தது. அசாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்குப் போடப்பட்ட சாலை 1945 சனவரியில் திறக்கப்பட்டது. அச்சாலையின் பணிக்கும் படைகளின் தேவைக்குமாகக் கிழக்கிந்தியாவில் ஏராளமான வாகனங்கள் குவிந்தன. போர் முடிந்ததும் அவற்றில் பல உபரிப் பொருளாக விற்கப்பட்டன. வங்கத்தின் பானாகர் போன்ற முன்னாள் இராணுவத் தளங்களை ஒட்டிப் பழைய வாகனச் சந்தைகள் உருவாயின. இந்தியாவில் ஜீப் முதன்முதலில் பரவலானது காட்சிக்கூடத்தின் வழியாக அன்று, ஏலத்தின் வழியாக.

2. பிரிவினையும் ஒப்பந்தமும்

1945 அக்டோபர் 2ஆம் நாள் ஜே. சி. மஹிந்திரா, கே. சி. மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து ‘மஹிந்திரா அண்ட் முகம்மது’ என்னும் எஃகு வணிக நிறுவனத்தைத் தொடங்கினர். போர்க்காலத்தில் வாஷிங்டனிலிருந்த இந்திய வழங்கல் தூதுக்குழுவின் தலைவராகப் பணியாற்றிய கே. சி. மஹிந்திராவுக்கு, வில்லிஸ் எஞ்சினை வடிவமைத்த பார்னி ரூஸுடன் அறிமுகம் இருந்தது. பிரிவினை இந்தக் கூட்டைப் பிரித்தது. குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தார். 1948இல் நிறுவனத்தின் பெயர் ‘மஹிந்திரா அண்ட் மஹிந்திரா’ என மாறியது. அதே காலத்தில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இறக்குமதி செய்து பூட்டும் பணி தொடங்கியிருந்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரும் ஊழல் சர்ச்சையும் இதே வாகனத்தைப் பற்றியது. காஷ்மீர்ப் போரின்போது இராணுவத்துக்கு ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. 1948இல் இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி, ஏறத்தாழ 80 லட்சம் ரூபாய் மதிப்பில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தார். பெரும்பகுதித் தொகை முன்னதாகவே கொடுக்கப்பட்டது. வந்து சேர்ந்தவை 155 வண்டிகள். அவையும் பயன்பாட்டுக்குத் தகுதியற்றவை என்று புகார் எழுந்தது. நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்ட இவ்விவகாரம் முடிந்துவிட்டதாக 1955இல் அரசு அறிவித்தது. குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. மேனன் 1956இல் மத்திய அமைச்சரவையில் இடம்பெற்றார்.

இந்த நிகழ்வு அரசியல் நேர்மை பற்றிய பாடமாகவே நினைவுகூரப்படுகிறது. அதில் பேசப்படாத ஒரு தொழில்நுட்பப் பாடமும் உண்டு. வாங்கப்பட்டவை புதிய வண்டிகள் அல்ல, பழையவற்றைச் செப்பனிட்டவை. செப்பனிடப்பட்ட ஒரு வண்டியின் தரம் அதைச் செப்பனிட்டவரின் திறனையும் அதைச் சோதித்தவரின் கண்ணையும் பொறுத்தது. போர்க்காலத்தில் கையேடுகளாலும் ஆய்வுப் படிநிலைகளாலும் காக்கப்பட்ட அந்தத் தரம், வணிக ஒப்பந்தத்தில் யாருடைய பொறுப்பாகவும் இல்லாமல் போனது. பராமரிப்பு என்பது அரசியல் பொருளாதாரத்தின் பகுதி என்பதைப் புதிய குடியரசு இந்த விலை கொடுத்து அறிந்துகொண்டது.

3. மாறாத வண்டி

1949இல் முழுமையாகக் கட்டப்பட்ட வாகனங்களின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டம் உரிம முறையைக் கொண்டுவந்தது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களே தொடரலாம் என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. பாகங்களைப் பூட்டி விற்பதோடு நின்றிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அதையடுத்து இந்தியாவை விட்டு வெளியேறின. எஞ்சிய சில நிறுவனங்கள், ஒப்பந்தத்தின் வழியே கிடைத்த வெளிநாட்டு வடிவங்களைப் படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களைக் கொண்டு செய்யத் தொடங்கின.

1952இல் தொடங்கிய சமூக வளர்ச்சித் திட்டம் ஜீப்பை மாவட்டத் தலைநகரத்திலிருந்து வட்டார அலுவலகத்துக்குக் கொண்டு சென்றது. வளர்ச்சி அலுவலர், காவல் துறை, வனத் துறை, பொதுப்பணித் துறை, மலேரியா ஒழிப்புப் பணியாளர், தேர்தல் காலத்தில் வேட்பாளர் என அரசின் கை நீண்ட இடமெல்லாம் ஜீப் சென்றது. பெரும்பாலான இந்திய மொழிகளில் ‘ஜீப்’ என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் என்ற உணர்வே மறைந்து, ஒரு வாகன வகையின் பொதுப்பெயராயிற்று. கிராமத்தாரின் காதில் ‘ஜீப் வந்தது’ என்ற தொடர் ‘அரசு வந்தது’ என்றே ஒலித்தது.

உரிம முறையின் விளைவுகளில் அதிகம் பேசப்படுவது தேக்கம். அது உண்மையே. அமெரிக்காவில் 1953இல் அறிமுகமாகி 1968இல் நிறுத்தப்பட்ட சி.ஜே.-3பி வடிவத்தின் வழித்தோன்றல்கள் இந்தியாவில் 21ஆம் நூற்றாண்டிலும் விற்கப்பட்டன. வாங்குவோருக்குத் தெரிவு இல்லை, காத்திருப்பு நீண்டது, எரிபொருள் சிக்கனமோ பாதுகாப்போ மேம்படவில்லை. ஆனால் அந்தத் தேக்கத்துக்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. 30 ஆண்டுகள் மாறாத ஒரு வண்டியை ஒரு தொழிலாளி தன் வாழ்நாள் முழுவதும் கற்க முடியும். தந்தை கற்றது மகனுக்குப் பயன்படும். ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குப் பொருந்தும். கிடைக்காத பாகத்தை அளவெடுத்து லேத்தில் கடைந்து கொள்ளலாம்.

வண்டியின் அமைப்பும் இதற்கு இடமளித்தது. ஏணி வடிவச் சட்டத்தின் மேல் உடற்பகுதி மரையாணிகளால் பொருத்தப்பட்டிருந்தது. அதைத் தனியே கழற்றி எடுக்கலாம். அடுக்குத் தகடுகளாலான வில்களில் ஒரு தகடு ஒடிந்தால் அதை மட்டும் மாற்றலாம்; கொல்லுப்பட்டறையிலேயே புதுத் தகடு வளைக்கலாம். எஞ்சினின் உருளை தேய்ந்தால் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து அடுத்த அளவு பிஸ்டனைப் பொருத்தலாம். கோளாறு எங்கே என்பதைக் காது, மூக்கு, கை ஆகிய மூன்றும் சொல்லிவிடும். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப்பை வைத்திருப்பது பெருஞ்செலவானபோது, டிராக்டர் எஞ்சினிலிருந்து உருவான டீசல் எஞ்சின் ஜீப்பில் ஏறியது. உழவு இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த சிற்றூர் மெக்கானிக் ஒருவருக்கு, ஜீப்பும் அன்றிலிருந்து தெரிந்த இயந்திரமாயிற்று.

4. பட்டறையின் மொழி

இந்த அறிவு எழுத்தில் அதிகம் இல்லை, மொழியில் இருக்கிறது. வட இந்தியப் பட்டறையின் தலைமைக் கைவினைஞர் ‘உஸ்தாத்’. பாரசீகத்திலிருந்து வந்த இச்சொல் இசை ஆசானுக்கும் உரியது. ‘மிஸ்திரி’ என்பது போர்த்துகீசிய ‘மெஸ்த்ரே’ என்னும் சொல்லின் வழித்தோன்றல். தமிழில் கட்டடத் தொழிலில் வழங்கும் ‘மேஸ்திரி’யும் அதே வேரினது. அடுக்குத் தகட்டு வில்லுக்கு இந்தியில் ‘கமானி’ என்று பெயர். பாரசீகத்தில் ‘கமான்’ என்றால் வில். பல்லக்கும் குதிரை வண்டியும் செய்த காலத்துச் சொற்களஞ்சியம் மோட்டார் வாகனத்தை எதிர்கொண்டு உள்வாங்கியதன் தடயங்கள் இவை.

ஆங்கிலச் சொற்களும் பட்டறையில் புதுப் பொருள் பெற்றன. ஆங்கிலத்தில் ‘டெண்ட்’ என்பது தகட்டில் விழும் ஒடுக்கு. வட இந்தியாவில் ‘டெண்டிங்’ என்றால் ஒடுக்கெடுத்தல். பொருள் நேர் எதிராகத் திரும்பிவிட்டது. அதே வேலைக்குத் தென்னிந்தியாவில் வழங்கும் சொல் ‘டிங்கரிங்’. ஆங்கிலத்தில் அது முறையாகப் பயிலாதவர் எதையாவது நோண்டிப் பார்ப்பதைக் குறிக்கும் சற்றே இளக்காரமான சொல். தமிழ்நாட்டில் அது பல ஆண்டுப் பயிற்சி தேவைப்படும் ஒரு தனித் தொழிலின் பெயர். பழுதுபார்த்தலை இழிவாகப் பார்த்த சொல், பழுதுபார்த்தே வாழ்ந்த சமூகத்தில் மதிப்புப் பெற்றது.

‘ஜுகாட்’ என்னும் இந்திச் சொல்லின் அண்மைக்கால வாழ்வை இத்துடன் ஒப்பிடலாம். 2010களின் மேலாண்மை நூல்கள் அதை இந்தியரின் பிறவிச் சாமர்த்தியம் என்று கொண்டாடின. அந்தக் கொண்டாட்டம் பட்டறை அறிவின் உண்மையான தன்மையை மறைத்துவிடுகிறது. உருளையைக் கடைவதிலோ பற்சக்கரங்களின் இடைவெளியைச் சரிசெய்வதிலோ தற்காலிகச் சமாளிப்புக்கு இடமில்லை. அங்கே தேவைப்படுவது நுட்பமான அளவும் நீண்ட பயிற்சியும். அப்பயிற்சியின் கதையும் இனிமையானது அன்று. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் வரம்புக்கு வெளியே, ஊதியமின்றியோ மிகக் குறைந்த ஊதியத்துக்கோ சிறுவர்கள் பணியில் சேர்ந்தனர். மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலில் முஸ்லிம்கள் கணிசமாக இருப்பதை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கை சுட்டிக்காட்டியது. முறைசார்ந்த கல்வியும் வேலையும் எட்டாதவர்களுக்கு எட்டிய தொழில் இது. அதனால்தான் இத்தொழிலின் மீது விழும் ஒவ்வொரு சட்டமும் ஒரு சமூகக் கேள்வியாகவும் ஆகிறது.

5. மலையும் பாலையும்

இந்த அறிவு எதைச் சாதித்தது என்பதை மூன்று இடங்கள் காட்டுகின்றன.

முதலாவது டார்ஜிலிங் மலை. மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்குச் செல்லும் பாதையில், தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள் விட்டுச்சென்ற 1950களின் லேண்ட் ரோவர்கள் பல பத்தாண்டுகள் பயணிகளையும் சரக்கையும் சுமந்தன. அவற்றைச் செய்த நிறுவனம் அந்த வடிவத்தை எப்போதோ கைவிட்டுவிட்டது. பல வண்டிகளுக்குள் இந்திய ஜீப்பின் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. பிரித்தானிய உடலும் இந்திய இதயமுமாக அவை ஓடின.

இரண்டாவது அரியானாவின் மண்டி டப்வாலி. இராணுவம் கழித்து ஏலமிடும் வண்டிகளைப் பிரித்து, புதுப்பித்து, திறந்த ஜீப்புகளாக மாற்றிக் கட்டும் தொழில் இங்கே தழைத்தது. பஞ்சாபியில் இவ்வகை வண்டிக்கு ‘லண்டி ஜீப்’ என்று பெயர். வால் குட்டையானது என்பது அதன் பொருள். இராணுவ ஏலங்களில் இந்திய ஆர்வலர்கள் மிகவும் விரும்பிய வண்டி ‘ஜோங்கா’. ஜப்பானிய நிசான் பேட்ரோல் வடிவத்தைக் கொண்டு ஜபல்பூர் அரசு வாகனத் தொழிற்சாலை 1969 முதல் 1999 வரை இதைச் செய்தது. அரசுத் தொழிற்சாலை, இராணுவப் பயன்பாடு, ஏலம், பட்டறை, உழவரின் வீட்டு முற்றம் என்ற இந்தச் சுற்றில் வண்டி கைமாறிய ஒவ்வொரு முறையும் அதற்கு மறுபிறவி அளித்தவர் மெக்கானிக்.

மூன்றாவது தமிழக-கேரள எல்லையின் ஏலக்காய் மலை. கம்பம், போடிநாயக்கனூர்ப் பகுதிகளின் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்புகின்றனர். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய வண்டிகள் மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் பலியான செய்திகள் மீண்டும் மீண்டும் வந்துள்ளன. ஆர்வலருக்குச் சாகசமாக இருக்கும் அதே சரிவு இங்கே வேலைக்குச் செல்லும் வழி. பிரேக்கின் நிலை இங்கே ஒரு நாள் கூலிக்காக மலை ஏறும் பெண்ணின் உயிர்ப் பிரச்சினை. பழைய வண்டியின் பெருமையைப் பேசும் எவரும் இந்தப் பாதையையும் சேர்த்தே பேச வேண்டும். பழுதுபார்க்க முடிவது வேறு, பழுது பார்க்கப்பட்டிருப்பது வேறு. முன்னது தொழில்நுட்பத்தின் பண்பு. பின்னது கூலி, ஒப்பந்தம், மேற்பார்வை ஆகியவற்றின் விளைவு.

6. பூட்டப்பட்ட அறிவு

1985இல் மாருதி ஜிப்சி சந்தைக்கு வந்தது. எடை குறைந்த இந்தச் சுசூகி வண்டி, ஜீப்பின் நீண்ட தனியாட்சியை உடைத்தது. 1991இன் புதிய தொழிற்கொள்கையும், 1993இல் பயணிகள் கார் தொழிலுக்கு உரிமம் நீக்கப்பட்டதும் சந்தையை முழுமையாகத் திறந்தன. வாங்குவோருக்குத் தெரிவு பெருகியது, தரம் உயர்ந்தது. 2000 முதல் படிப்படியாக இறுகிய உமிழ்வு விதிகள், 2020இல் ‘பாரத் ஸ்டேஜ் 6’ வரை, எஞ்சினை மின்னணுக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொண்டுவந்தன. காற்றின் தரத்துக்கு இது தேவையான மாற்றம். ஆனால் இதன் வழியே ஓர் அதிகார மாற்றமும் நிகழ்ந்தது. காதும் மூக்கும் கண்டறிந்த கோளாற்றை இப்போது நிறுவனத்தின் மென்பொருள் கொண்ட சோதனைக் கருவியே கண்டறிய முடியும். அக்கருவி யாரிடம் இருக்கிறதோ அவரே மெக்கானிக்.

இந்தப் பூட்டு இயற்கையாக விழுந்தது அன்று என்பதை ஓர் ஆவணம் உறுதிசெய்கிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் தனியார் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்து, சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தின என்பது ஆணையத்தின் முடிவு. இந்தியாவுக்கு ஜீப்பைக் கொண்டுவந்த மஹிந்திராவும் அந்தப் பட்டியலில் இருந்தது. விவகாரம் மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றிய குழு ஒன்றை அமைத்தபோது, வாகனத் துறையும் அதன் வரம்புக்குள் வந்தது. 1940களில் படைவீரரின் பையில் இருந்த பராமரிப்புக் கையேடு, 70 ஆண்டுகளுக்குப் பின் வழக்காடிப் பெற வேண்டிய பொருளாகிவிட்டது.

7. பெயரில் என்ன இருக்கிறது

அறிவு பூட்டப்பட்ட அதே காலத்தில், அரசின் வரிக்கொள்கை வண்டியின் பெயரைப் பற்றிய விவாதமாக மாறியது. 2013-14 நிதிநிலை அறிக்கையில் எஸ்.யு.வி. வகை வாகனங்களுக்கான உற்பத்தி வரி 27 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காடாக உயர்ந்தது. அவை சாலையிலும் நிறுத்துமிடத்திலும் கூடுதல் இடத்தைப் பிடிக்கின்றன என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. எஸ்.யு.வி. என்றால் என்ன என்பதை எப்படி வரையறுப்பது? ஜி.எஸ்.டி. இழப்பீட்டு மேல்வரிக்கான வரையறை நான்கு கூறுகளைக் கொண்டிருந்தது: நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், தரையிலிருந்து உயரம் 170 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல், அத்துடன் ‘மக்கள் வழக்கில் எஸ்.யு.வி. என அறியப்படுவது’. இந்த நான்கும் ஒருங்கே பொருந்த வேண்டும் என்று 2022 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் தெளிவுபடுத்தியது. 2023 சூலையில் ‘எப்பெயரால் அழைக்கப்பட்டாலும்’ பயன்பாட்டு வாகனங்கள் அனைத்தும் மற்ற மூன்று அளவுகளுக்கு உட்பட்டால் இந்த வரிக்குள் வரும் என்று மாற்றப்பட்டது. தரை உயரத்தை வண்டியில் சுமை இல்லாத நிலையில் அளக்க வேண்டும் என்றும் விளக்கப்பட்டது.

மொழியியல் மாணவருக்கு இது அரிய காட்சி. மக்கள் வழக்கைச் சட்டத்தின் அளவுகோலாக்கிய அரசு, ஏழே மாதங்களில் அவ்வழக்கு நம்பத்தகாதது என்று கண்டு அதைக் கைவிட்டது. எஞ்சியவை எண்களே. அந்த எண்களுக்கேற்ப வண்டிகளும் சுருங்கின. 2020இல் வந்த தார் வண்டியின் நீளம் 3,985 மில்லிமீட்டர். வரிக்கோட்டுக்குப் 15 மில்லிமீட்டர் குறைவு. ஆற்றைக் கடக்கும் வண்டியின் உருவத்தை ஆறு தீர்மானிப்பதற்கு முன்பே வரி அட்டவணை தீர்மானித்துவிடுகிறது.

8. வயது, நிலை, உரிமை

2019 சனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விளக்கம் அளித்தது: தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களுக்கு மாறாக வாகனத்தின் அமைப்பை மாற்றக் கூடாது. சாலைப் பாதுகாப்பை நோக்க இதில் நியாயம் உண்டு. ஆனால் டப்வாலியின் தொழிலும் சந்தக்பூவின் வண்டிகளும் வளர்ந்தது அசல் விவரங்களிலிருந்து விலகித்தான். ‘அசல்’ என்பதை வரையறுக்கும் உரிமை தயாரிப்பாளரிடம் மட்டுமே இருக்கும்போது, பட்டறையின் படைப்பாற்றலுக்குச் சட்டத்தில் பெயர் இல்லாமல் போகிறது.

டெல்லித் தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015ஆம் ஆண்டு ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025இல் இவ்விவகாரம் மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. 2021இன் வாகனக் கழிவுக் கொள்கை வயதைவிடத் தகுதிச் சோதனைக்கு முதன்மை அளித்தது. எனினும், 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டுகளைக் கடந்த தனியார் கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது.

இங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. டெல்லியின் குளிர்காலக் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைக்குப் பழைய டீசல் எஞ்சினின் பெருமை பற்றிக் கவலையில்லை, இருக்கவும் தேவையில்லை. அதே நேரத்தில், வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் விதி, நன்கு பராமரிக்கப்பட்ட வண்டியையும் புறக்கணிக்கப்பட்ட வண்டியையும் ஒன்றாக்குகிறது. பராமரிப்பு என்ற உழைப்பே நடக்கவில்லை என்று அது கருதுகிறது. நிலையை அளக்கும் விதியோ அந்த உழைப்பை மதிப்பிடுகிறது. போடிமெட்டுப் பாதையில் ஏறும் ஜீப்பின் பிரேக்கையும் அதுவே பார்க்கும். முதல் விதி பொருளை வாங்குபவரை நோக்கிப் பேசுகிறது. இரண்டாவது விதி பொருளைக் காப்பவரை நோக்கிப் பேசுகிறது.

உரிமக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று இந்த வரலாறு சொல்லவில்லை. அக்காலத்தில் பழுதுபார்க்கும் அறிவு பரவியது, எந்தத் திட்டத்தாலும் அல்ல, வேறு வழியின்மையால். தாராளமயக் காலத்தில் அது சுருங்கியதும் தொழில்நுட்பத்தின் தவிர்க்க முடியாத விதியால் மட்டும் அல்ல. கருவிகளையும் கையேடுகளையும் யாரிடம் கொடுப்பது என்ற முடிவுகளால். முன்னது தற்செயல் என்றால் பின்னது கொள்கை. கொள்கையை மாற்ற முடியும். மின்சார வாகனங்கள் மலைப்பாதைக்கு வரத் தொடங்கும் காலம் இது. அவற்றின் மின்கலத்தையும் மென்பொருளையும் திறந்து பார்க்கும் உரிமை கம்பத்துப் பட்டறைக்கும் மானேபஞ்சாங் பட்டறைக்கும் கிடைக்குமா என்பது இன்று எழுதப்படும் விதிகளிலேயே தீர்மானிக்கப்படும். அக்கேள்வியைப் பொறியியல் துறையிடம் மட்டும் விட்டுவிடாமல், தொழிலாளர் வரலாறும் சட்டமும் பொருளியலும் மொழியியலும் பயில்வோர் எடுத்துக்கொள்ள வேண்டிய தருணம் இது. பட்டறைகளின் சொற்களையும் செய்முறைகளையும், அவற்றை அறிந்த மூத்த கைவினைஞர்கள் இருக்கும்போதே பதிவுசெய்வது அதன் முதற்படி.